கோசிமோ தன் வீட்டுக்குப் போட்ட தரை

முப்பத்தொரு வருஷம் கோசிமோவும் நானும் ஹாமில்டன் நகரத்து வீடுகளில் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டினோம். தேவாலயத்தில்கூட அவ்வளவு முட்டி போட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மெண்ட்டில் வெறும் காங்கிரீட்தான் கிடந்தது. அவன் மனைவி இம்மா சமைப்பது, சாப்பாடு போடுவது எல்லாம் அங்கேதான். மாடிச் சமையலறை விருந்தாளி கண்ணுக்கு. அந்த அடுப்பில் பால்கூடக் காய்ந்ததில்லை. இத்தாலியிலிருந்து வந்த எங்கள் கலாப்ரியா ஆட்கள் வீடு எல்லாமே அப்படித்தான், இதில் என்ன வெட்கம்!

போன ஜூலையில் டாக்டர் அவனுடைய இரண்டு முழங்காலையும் மாற்றத் தேதி கொடுத்தார். அதற்கப்புறம் முட்டி போடவே கூடாதாம்.

"அதுக்குள்ள என் தரையைப் போட்டுடணும்டா நிக்கோ," என்றான். "ஊரான் வீட்டுக்கெல்லாம் போட்டேன். இவளுக்கு ஒண்ணு நல்லா போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிறேன்."

அவசரப்படுத்த முதலாளி இல்லை என்பதால் ஒன்றையும் விடவில்லை. பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி இரண்டு நாள் விட்டு, அடியில் ஈரம் பூக்கிறதா என்று பார்த்தான். பூக்கவில்லை. விரிசல்மேல் ரப்பர் விரிப்பு ஒட்டினான். காங்கிரீட் நடுவே, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி, தாழ்ந்து கிடந்தது. தானாகப் பரவும் சிமெண்டுக் கூழை ஊற்றி அதையும் நிரவினோம். இம்மா படியில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, தண்ணி எப்படிங்க ஓட்டைக்குப் போகும்?"

"தரை என்ன மலையாடி? போய் காபியைப் போடு!"

டைல்ஸ் ஒட்டி முடித்து நான் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. "கோடு கிழிச்ச மாதிரி இருக்குடா," என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் எழுந்து நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் தக்காளிச் சாறு போடும் நாள் வந்தது. பன்னிரண்டு கூடைத் தக்காளியை அரைத்துப் பாட்டிலில் அடைத்து, அண்டாவில் வேகவைத்து முடித்தோம். ஆபரேஷன் முடிந்து நாலே வாரம். கோசிமோ ஊன்றுகோலோடு நாற்காலியில் இருந்தான். பாட்டில்களை எடுத்ததும், வழக்கம்போல் இம்மா அண்டாத் தண்ணீரைத் தரையில் சாய்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தரை நடுவிலிருக்கும் ஓட்டைக்குத் தானாக ஓடிய தண்ணீர், அன்றைக்கு அசையாமல் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒயின் வைத்திருக்கிற சின்ன அறைப் பக்கம் போயிற்று.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் நிரவிய அந்தத் தாழ்வு குறை இல்லை. எவனோ வேலை தெரிந்தவன் வேண்டுமென்றே ஓட்டையைப் பார்த்து விட்ட சரிவு, வாட்டம். பணக்காரர்கள் பேஸ்மெண்ட்டில் டிவி பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அங்கே போட்ட கை, இங்கேயும் அப்படியே போட்டுவிட்டது. ரசமட்டம் பிடித்த பாவி நான்.

இம்மா துடைப்பத்தை எடுத்து ஓட்டைப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். "தரை நல்லாத்தாங்க இருக்கு," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"பொய் சொல்லாதடி. வெறும் காங்கிரீட்டுக்குத் தெரிஞ்ச வேலை எனக்குத் தெரியல." ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தான். "குடு அதை இங்க."

"ஐயோ, கால்!"

"முட்டி போடத்தான் கூடாது. நிக்கலாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். பாதி ஓட்டைக்குப் போயிற்று, பாதி திரும்பி வந்தது. மறுபடி தள்ளினான். இரண்டாவது அண்டா, மூன்றாவது அண்டா. உட்காரச் சொன்னால் முறைத்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

என் முழங்கால் இன்னும் மடங்கும். "உடைச்சுட்டு நான் மறுபடி போட்டுத் தரேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முட்டி போட்டுப் போட்டு எனக்கு அவ்வளவு அலுப்பு. பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

அவன் ஒரு தடவை என் முழங்காலைப் பார்த்தான். கேட்கவில்லை.