கரையான் தின்றதாகச் சொல்லப்படும் பதிவேடு

விருத்தாசலத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறை வாசலில் நிற்கிறேன். பக்கத்து ஊர் அரண்மனையின் பழைய வாரிசுப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன். எழுநூறு வருட வம்சம் என்று அந்த அரண்மனைக் கூடத்தில் வாரிசுகளின் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் என் பூட்டன் பெயர் இல்லை. அந்த அரண்மனை ஜமீன்தாருக்கும் சமையல்காரிக்கும் பிறந்த மூத்த மகன் அவர்.

"அத கரையான் தின்னுட்டுதுங்க சார்," என்கிறார் பதிவறையைக் கவனிக்கும் பெண். அவர் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பீங்கான் யானை நிற்கிறது.

"நானும் இதே மாதிரி ஆபீஸ்ல முப்பது வருஷம் கரையானச் சொல்லித்தாம்மா ஆளுங்கள அனுப்புனேன். வீணான ரிக்கார்டுக்குன்னு தனி ரிஜிஸ்தர் இருக்குமே, அதக் காட்டுங்க."

"அதுல ஏத்தலிங்க."

"அப்ப, கிடைக்கலன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்து, தேதி, சீல் மூணும் வேணும்."

வாயால் சொன்னால் பொறுப்பு கரையானுடையது. எழுதிக் கொடுத்தால் அவருடையது. பேனாவைத் திறந்து, மறுபடி மூடுகிறார்.

"அரண்மனைக்காரங்க யாருக்கும் காட்ட வேணாம்னு சொல்லியிருக்காங்க சார்," என்கிறார் மெதுவாக. "எனக்கு எதுக்குங்க வம்பு?"

"நானும் அரண்மனைக்காரன்தாம்மா. நான் காட்டச் சொல்றேன்."

முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்க்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிக்கொத்தை எடுக்கிறார்.

"பூட்டன் பேரு சொல்லுங்க, தேடிப் பாக்குறேன்."

முதலில் பூட்டனுடைய அப்பா பெயரைச் சொல்கிறேன், வராந்தாவில் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.