மேசையில் இல்லாத கால்

சூடாமணி அம்மாளின் இடது முழங்கால் பதினெட்டு லட்சம் ரூபாய். சிரிக்காதீர்கள். மதுரையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே பேசி முடித்த விலை அது. அந்த இருவரில் ஒருவன் அந்தம்மா பெற்ற மகன்.

மகன் பெயர் துளசிராம். சுங்குடிச் சேலை விற்ற குடும்பம். அப்பா சேலையை விரித்துக் காட்டிய அதே லாவகத்தோடு மகன் ஆஸ்பத்திரிகளில் மெஷின் விரித்தான். 2003இல் அவன் கையிலிருந்த சரக்கு, மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர். கருவியில் பளபளக்கும் மூன்று உருண்டைகளை மாட்டிவிட்டால் போதும். கேமரா அவற்றைப் பார்த்து, கருவியின் நுனி எலும்பில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டிவிடும். அதன் விலைதான் பதினெட்டு லட்சம்.

"எம்புட்டு துல்லியமா காட்டும்?" என்று கேட்டார் டாக்டர் சாய்பிரசாத்.

"ஒரு மில்லிமீட்டருக்குள்ள சார்."

"அம்புட்டு நம்பிக்கையா? அப்ப முதல் ஆபரேஷன் உங்க அம்மாவுக்கே. ஃப்ரீயா பண்றேன். அவங்க நல்லா நடந்தா செக் வாங்கிக்கங்க."

வியாபாரி மகனையே மடக்கிய பேரம். அம்மா மாடிப்படி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெஷின் தப்பாகக் காட்டினால் அந்தக் கால் ஆயுசுக்கும் கோணல். துளசிராம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி" என்றான்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷன். அதற்கு முன்னால் மெஷினைச் சோதித்தாக வேண்டும். அவனுக்குக் கிடைத்தது ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானம் மட்டும். இது நடந்தது அப்போதுதான், பட்டப்பகலில். புளுகு என்று நினைப்பவர்கள் துளசிராமையே கேட்கலாம். எதைக் கேட்டாலும் வாய் ஓயாமல் பேசுகிற ஆள், இதைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் கேட்பான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் உதவியாளர் காசிமாயன். ரம்பம், உளி, சுத்தியல் எல்லாவற்றையும் அவர்தான் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே பச்சைத் துணி விரித்த தட்டில் படுக்கப் போட்டிருந்தார். உருண்டை மாட்டிய கூர்முனைக் குச்சிகளான புது மெஷினின் இரண்டு பாயிண்டர்களும் அந்தத் தட்டில்தான்.

"பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதாண்ணே எடுக்கணும். இன்னிக்கு அதுகளுக்கு லீவு."

"அதுகளுக்கு லீவு விட்டா எங்கம்மா காலுக்கு யாருண்ணே பொறுப்பு? அளந்து பாக்கணும்."

"உங்க பாடு. நான் உள்ள வரல. உச்சிப் பொழுது வேற."

"ஏன், பேய் வருமோ?"

"வந்தா சும்மா விடுவீகளா? அதுக்கும் ஒரு மெஷின வித்துருவீக."

துளசிராம் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஜன்னல் இல்லாத அறை. நடுவில் நீலத் துணி போர்த்திய ஆபரேஷன் மேசை. ஏசியின் முனகல். தட்டிலிருந்து ஒரு பாயிண்டரை எடுத்தான். இன்னொன்றைத் தொடவில்லை. அதன் மேல் மல்லிகைச் சரம் கிடந்தது.

சோதனை எளிது. ஓர் எஃகுத் தகட்டில் ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். குழியில் நுனியை வைத்து, காலால் பெடலை மிதித்தால் அந்தப் புள்ளி பதிவாகும். டிக். அடுத்த குழி. டிக். திரையும் ஐம்பது என்று சொல்ல வேண்டும்.

திரை ஐம்பத்து நான்கு என்றது.

மறுபடி வைத்தான். ஐம்பத்து நான்கு. அவன் சட்டை முதுகில் ஒட்டியது. நான்கு மில்லிமீட்டர் பிசகினால் அம்மா கதி?

அப்புறம்தான் பார்த்தான். உருண்டை ஒன்றின் மேல் காசிமாயன் வைத்த குங்குமப் பொட்டு! கேமராவுக்குப் பாதிக் கண் தெரியவில்லை. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். 50.6. அடுத்தது, 50.5. மூச்சு வந்தது.

பாயிண்டரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்தான்.

டிக்.

திரும்பினான். அவன் கால் பெடலுக்கு ஓர் அடி தள்ளி இருந்தது.

திரையில் மணி 12.10. இரண்டாவது பாயிண்டர் தெரிந்தது. அது நின்ற இடம்... ஆபரேஷன் மேசைக்கு மேலே.

தட்டைப் பார்த்தான். இரண்டாவது பாயிண்டர் அங்கேதான் கிடந்தது. மேலே மல்லிகைச் சரம், அசங்காமல்.

'இடுப்பு' என்று பதிவாகியிருந்தது.

டிக். 'முழங்கால், உள்பக்கம்.'

ஓடிப்போய்க் கேமராவை உள்ளங்கையால் மூடினான். குருடாக வேண்டிய திரை... ஆகவில்லை.

டிக். 'முழங்கால், வெளிப்பக்கம்.'

டிக். 'கணுக்கால்.'

திரையில் கோடு விழுந்தது. ஒரு கால். வலது கால்.

மேசையில் யாரும் இல்லை.

கோடு மெல்ல... மெல்ல... மடங்கியது.

நீலத் துணி அசையவே இல்லை.

ஓரத்தில் பிழை எவ்வளவு என்று எழுதியிருந்தது. 0.0.

உயிருள்ள கை அப்படி ஆடாமல் நிற்காது.

பிளக்கைப் பிடுங்கினான். ஓடினான்.

வெளியே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. காசிமாயன் தரையில், சுவரோடு சுவராக. முகமெல்லாம் வேர்வை.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் துளசிராம்.

"ஒண்ணுமில்ல... நீங்க போங்க."

அன்று சாயங்காலமே துளசிராம் டாக்டர் முன்னால் நின்றான்.

"மெஷின் வேணாம் சார். அம்மாவுக்குப் பழைய மாதிரி கையாலயே பண்ணிருங்க."

"ஏன், பிழை எம்புட்டு வந்துச்சு?"

"பூஜ்யம் சார்."

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரக்கு ரொம்ப நல்லாருக்குன்னு திருப்பி எடுத்துட்டுப் போற வியாபாரிய இப்பத்தான்யா பாக்குறேன்."

பதினெட்டு லட்சம் போயிற்று. கையால் நடந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வார்டில் அம்மாவை நிற்க வைத்தார்கள். வலியில் அவள் அழுதாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்த காசிமாயன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதீங்கம்மா. உங்களுக்கு முட்டி மட்டுந்தான் போச்சு. எனக்குப் பாருங்க." பேண்ட்டின் வலது காலைத் தொடைவரை சுருட்டிவிட்டு, விரலால் தட்டினார்.

டொக். டொக்.

"கட்டக் காலும்மா. வாடிப்பட்டி ரோட்டுல பஸ் ஏறிருச்சு. நம்ம தியேட்டர்ல, அந்த மேசையிலதான் எடுத்தாக. பன்னெண்டு வருசமாச்சு."

"இன்னும் வலிக்குமாப்பா?" அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இல்லாத கால் எங்கம்மா வலிக்கும்?" என்று சிரித்தார். அப்புறம் துளசிராமைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"பூசையன்னிக்கு மட்டுந்தாண்ணே... நீங்க உள்ள இருந்தப்ப. சில்லுனு ஊசி மொனையால தொட்ட மாதிரி. மொதல்ல இங்க." இடுப்பில் விரலை வைத்தார். பிறகு கட்டைக் காலில்... முழங்காலின் உள்பக்கம். வெளிப்பக்கம். கணுக்கால்.

"அப்பறம் யாரோ காலப் புடிச்சு... மெல்ல மடக்குனாகண்ணே."

துளசிராம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். பதிந்த புள்ளி நான்கு. தொட்ட இடம் நான்கு. பிழை பூஜ்யம். கால் யாருடையது என்ற கணக்கும் நேராகிவிட்டது.

தொட்ட கை யாருடையது என்பது மட்டும் இன்றுவரை பாக்கி.