பேத்திக்கும் எனக்கும் ஒரே கிரீம்

என் பேத்தி பிறந்த சமயம் எங்கள் வீட்டில் டயப்பர் கட்டியவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று, ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்த நான். அவள் நனைத்தால் வீடே கொஞ்சும். நான் நனைத்தால் கதவைச் சாத்துவார்கள். சாத்தச் சொன்னதும் நான்தான். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கண்ணில் படக்கூடாது என்ற வீம்பு.

இரண்டு பேருக்கும் தொடையிடுக்கு சிவந்து தடித்தது. ஈரம் தோலில் படாமல் தடுக்கும் வெள்ளைக் கிரீம் ஒன்றைக் குழந்தைக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அதையே என் மனைவி எனக்கும் பூசினாள். குழந்தைக்குச் சீக்கிரமே ஆறிவிட்டது. எனக்கோ தோல் உரிந்து ரணமானது. தினமும் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். உட்கார்ந்தால் நெருப்பாய் எரிந்தது. மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு தடவையாவது நிமிர்ந்து உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அது நடக்காது போலிருந்தது. கிரீமைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், மனைவியையும் விட்டுவைக்கவில்லை.

ஒருநாள் அவள் துடைக்கும்போது நான் போட்ட கூச்சலில் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவசரமாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பூசியிருந்த கிரீம் அத்தனையும் அதில் இருந்தது, நடுவில் கொஞ்சம் ரத்தமும்.

"இன்னாம்மா, பூராத்தையும் தொடச்சி எடுத்துட்ற?"

ஒரு பொட்டு விடாமல் எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூசுவேன் என்று மனைவி பெருமையாகவே சொன்னாள். அவள் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். பசைக் கறை துளி தெரிந்தாலும் செக்கிங்கில் அந்த ஜோடி ரிஜெக்ட். அழுத்தித் துடைத்தே பழகிய கை, என்னையும் அப்படியே துடைத்திருக்கிறது.

"அழுக்க மட்டும் ஒத்தி எடும்மா. அடியில இருக்கற வெள்ள அப்படியே இருக்கட்டும், அதுமேலயே பூசு" என்றாள் மகள். குழந்தைக்கு அவள் அப்படித்தான் செய்கிறாளாம், பிரசவ வார்டில் சொல்லிக்கொடுத்தார்களாம்.

மனைவி துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான்தான் உங்கள ரணமாக்கினேனா?"

எனக்கு வந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் வராததுமாக, ஒருநாளும் முகம் சுளிக்காமல் எனக்கு எல்லாம் எடுத்துப் போட்டவள். என்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஈரத்துணியால் மெல்ல ஒத்தி எடுத்தாள், கொஞ்ச நேரம் காற்றாட விட்டாள், பிறகு தடிமனாகப் பூசினாள். அவள் ஷிப்டுக்குப் போன நேரத்தில் மகள் செய்தாள். நானும் வீம்பை விட்டுவிட்டேன். மெல்ல மெல்ல ரணம் ஆறியது.

மகள் கிளம்பிய அன்று காலை என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். எரியுதா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்கிறேனோ என்று என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நன்றி என்று மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் வருமா? "நீயும் கொஞ்ச நேரம் குந்து" என்றேன், அவ்வளவுதான் வந்தது.

நீங்கள் சரிந்தால் யார் பிடிப்பது என்று, என் தோளைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டே இருந்தாள்.