இன்னொருத்திக்குப் போன பெயர்

உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த தாஹிராவின் கை அப்படியே நின்றது. கணவர் அப்துல் சத்தார் கொரோனாவில் பிழைத்து வீடு திரும்பிய பிறகு இந்தச் சுவர்கள் கேட்ட முதல் சிரிப்பு அது. அதைத் தொடர்ந்து, "தாஹிரா" என்று அவர் குரல்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடாமல் என்ன செய்வாள்? நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. மாமியார் காதில் விழக்கூடாதென்று முதலில் "இந்தாம்மா". மகன் பிறந்ததும் "கலீம் அம்மா". அந்த வீட்டு ஆண்களின் வழக்கம் அப்படி.

"இன்னாங்க, கூப்டீங்களா?"

அவர் காதில் செல்போன் இருந்தது. "உன்னக் கூப்டல" என்றார். பிறகு போனில், குரலை இறக்கி, "வெக்கிறேன் தாஹிராம்மா" என்றார்.

தாஹிரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். யார் என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பொன்னி என்றார். அவளுக்கு என் பெயர் எதற்கு என்று கேட்டதற்குச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் சரிகை வியாபாரம் செய்தவர் சத்தார். அவர் கடைக்கு வருகிற நெசவாளிகள் பாதிப் பேர் அவருடைய கேலிப் பேச்சுக்காகவே வருவார்கள். மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏறியபோதுகூட டிரைவரிடம் ஏதோ வேடிக்கை சொன்னார். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கஞ்சி ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது தாஹிரா. உள்ளே அவர் கையைப் பிடித்தது எவளோ.

திரும்பி வந்தவர் வேறு ஆள். கடையைத் திறக்கவில்லை. ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலைவிட்டுக் கழற்றவில்லை. கண் மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து உட்கார்ந்தபடியே விழித்திருந்தார். அவர் வருகிற நாளுக்கென்று தாஹிரா கட்டிலில் புதிய வெள்ளை விரிப்பு விரித்திருந்தாள். அதை ஒரு பார்வை பார்த்தவர் கட்டிலில் ஏறவே இல்லை. உயிரோடு வந்தாரே, அல்லாஹ்வுக்கு நன்றி சொல் என்றார்கள் உறவுக்காரர்கள். அவளும் சொன்னாள். ஆனால் கட்டில் காலியாக இருக்க, தன் பெயர் மட்டும் போனில் இன்னொருத்தியிடம் போவதை எந்தப் பெண்தான் தாங்குவாள்? முகம் தெரியாத பொன்னிக்குத் தினமும் ஒரு முகம் வரைந்தாள். ஒவ்வொன்றும் தன்னைவிட அழகாகவே வந்தது.

கடைசியில் அவளே போன் செய்து பொன்னியை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் பொன்னி. குள்ளமாக, களைப்பாக, மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்போடு இருந்தாள். கையில் ஒரு பை கொய்யாப்பழம். அவள் எதிரில் சத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார், பேசினார், தாஹிரா நாலு தரம் வைத்தும் தொடாத இட்லியைத் தின்றார். அடுப்படியில் டீ பொங்கி வழிந்தது. தாஹிரா துடைக்கக்கூட இல்லை, காது முழுக்க உள்ளே இருந்தது.

மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று பொன்னி சொல்லிப் பார்த்தாள். நான் என்ன பைத்தியமா என்று முதலில் முறைத்தவர், பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ கூட வந்தா வரேன்மா."

அந்தச் சொல் போதுமே. பொன்னி கிளம்பி நடைக்கு வந்ததும் தாஹிரா கதவை மறித்து நின்றாள்.

"நீங்கதான் தாஹிராவா? அப்ப நான் யாருமா?"

பொன்னியின் முகம் வெளுத்தது. "பாய் ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்று கேட்டு, நடந்ததைச் சொன்னாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நர்ஸுகள் கட்டிலைச் சூழ்ந்ததும், சுரத்தில் சத்தார் தன்னை அடக்கம் செய்ய வந்ததாகவே நினைத்துவிட்டாராம். பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைக் கஃபன் துணியோடு வந்துவிட்டார்கள், நான் இன்னும் சாகவில்லை என்று அலறி, ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தாராம். இழுத்துப் பிடிக்க ஆள் போதவில்லை. தாஹிரா, தாஹிரா என்றே கத்தினாராம்.

"மூஞ்சிதான் தெரியாதேன்னு, 'இங்கதாங்க இருக்கேன், நான்தான் தாஹிரா'ன்னு சொல்லிட்டேங்கா. மாஸ்க்க வெச்சிக்கினாரு. அப்புறம் தெனமும் உங்களாண்ட பேசறதா நெனச்சி என்னாண்ட பேசினாரு. தெளிஞ்சப்புறமும் அந்தப் பேரு நின்னுடுச்சி."

வெள்ளை விரிப்பு விரித்த கட்டிலை அவர் ஏன் தொடவில்லை என்பது அப்போதுதான் தாஹிராவுக்கு உறைத்தது. கண்ணில் நீர் முட்டியது. என்ன பேசினார் என்று கேட்டாள்.

"பயமாக்குதுன்னாரு. கலீமாண்ட சொல்லாதன்னாரு. மீதிய அவரே சொல்லணுங்கா."

தாஹிரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு உசுர காப்பாத்தின. உன் கால்ல வுழலாம். ஆனா எனக்குச் சொன்னதெல்லாம் நீ வாங்கி வெச்சிக்கினு இருக்கியே. வயிறு எரியுதும்மா. நான் இன்னா செய்ய?"

"எரியட்டுங்கா. பாய் மாதிரி தீவிர சிகிச்சைல கெடந்து வந்தவங்க நெறைய பேருக்கு இப்டித்தான் இருக்குது. பைத்தியம் இல்ல, வைத்தியம் இருக்குது. போன எடுக்காம வுட்டா அவரு எதனா பண்ணிக்குவாரோன்னுதான் எடுக்கறேன்."

அந்தப் பயம் தாஹிராவுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும். அதிலும் இவள் முந்திக்கொண்டாளே.

"டாக்டராண்ட நான் இட்டுக்கினு போறேன். நீ வரக்கூடாது."

"வரலக்கா."

பேச்சுக்குரல் கேட்டு, சுவரைப் பிடித்தபடி சத்தார் நடைக்கு வந்து நின்றார். பொன்னி வருகிறாளா என்று கேட்டார்.

"அவங்க வரமாட்டாங்க. நான் வரேன், நாளைக்கே" என்றாள் தாஹிரா. "அங்க எவனாவது உங்கள பைத்தியம்னு சொன்னா எனக்கும் சேத்து ஒரு சீட்டு வாங்குங்க. பொறாமையில எனக்குந்தான் புடிச்சிருக்குது."

சத்தார் அவளையே பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். "ஆட்டோல மூச்சு முட்டும். நடந்தே போலாம்" என்றார்.

பொன்னி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நன்றி என்று ஒரு சொல் தாஹிராவின் தொண்டைவரை வந்தது. பாழும் மனசு, அதை வெளியே விடவில்லை. ஸ்கூட்டி தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.