பேக்கரிக் கூரையில் ஒரு மரநாய்

மார்கழிக் குளிரில் மரநாய் எங்கே ஒதுங்குகிறது என்று அறிய, எங்கள் ஆய்வுக்குழுவில் ஒன்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியிருந்தோம். ஒரு மாலை அதன் சிக்னலைத் தேடி, ஆன்டெனாவோடு தனியாக முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தேன். ஒரு பேக்கரியின் ஓட்டுக்கூரைக்கு நேரே ஒலி வலுத்தது.

"பொம்பளைங்க இருக்கற வூட்டுல இன்னாய்யா படம் புடிக்கிற?"

திரும்புவதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. ஒருவர் என் காலரைப் பிடித்தார்.

"மரநாய் தேடுறேங்க" என்றேன்.

"டிவி ஆன்டெனாவுல நாய் புடிக்கிறானாம்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். காலர் மட்டும் இறுகியது. அடி விழப்போகிறது என்று புரிந்தது.

பேக்கரிக்கார அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார். "அவர வுடுங்க பாய்! ஓடு ஒழுகுது, பாக்க நான்தான் வரச் சொன்னேன்."

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ரொட்டி அடுப்புக்கு மேலே, உத்தரத்தில் மரநாய் குட்டிகளை அணைத்துப் படுத்திருந்தது.

"சூட்டுக்கு வந்து குட்டி போட்டிருக்கு தம்பி. கோழி தின்னுதுன்னு இந்தத் தெருவுல ஒன்ன ஏற்கெனவே அடிச்சே கொன்னுட்டாங்க. சத்தம் போடாதீங்க."

அடி வாங்காமல் திரும்பினேன். ஆனால் அந்தக் கூட்டத்திடம் நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் அதை நம்பியிருந்தால் என்ற நினைப்புதான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.