ஒட்டிக்கொண்ட கிளட்சும் கீழ்வீட்டுத் தாதாவும்

ஒடிசாவுக்கு மாற்றலாகிப் போய் இரண்டரை வருஷம் கழித்து, கல்கத்தா லேக் கார்டன்ஸில் முன்பு குடியிருந்த அதே மாடி வீட்டுக்கே நாம் திரும்பி வந்தோம். பெரியவளே, உனக்கு அப்போது ஏழு வயது. சின்னவன் கைக்குழந்தை. சாமான் லாரி தெருமுனையில் நிற்கும்போதே நான் மாடிப்படிக்கு அடியில் போய் என் மோட்டார் சைக்கிளைத்தான் பார்த்தேன். ஊரை விட்டுப் போகும்போது அதன் சாவியைக் கீழ்வீட்டுத் தாதாவிடம் கொடுத்திருந்தேன். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நீங்கள் ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்று கூப்பிடுவீர்களே, அவர்தான்.

வண்டி மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. விலக்கினால் பெட்ரோல் டாங்க் மேல் குங்குமத்தில் ஸ்வஸ்திகா. ஹாண்டிலில் காய்ந்த சாமந்திச் சரம். டயரை அமுக்கிப் பார்த்தேன், இரண்டிலும் காற்று இருந்தது. இரண்டரை வருஷம் நின்ற டயரில் காற்று எப்படி நிற்கும்?

நம் வீட்டில் ஆயுத பூஜையன்று நம் வண்டிக்குத்தான் பொட்டு வைப்போம். அடுத்த வீட்டுக்காரர் வண்டிக்குப் போய் யாராவது வைப்பார்களா? விஸ்வகர்மா பூஜையன்று கல்கத்தாவில் வண்டிகளுக்குப் பூஜை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டாக்ஸிக்காரர் தன் டாக்ஸிக்குப் போடுவார், ரிக்‌ஷாக்காரர் தன் ரிக்‌ஷாவுக்குப் போடுவார். ஆகவே பூஜை போட்டவர்தான் வண்டியை ஓட்டியவர் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். குனிந்து மீட்டரில் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தேன். போகும்போது குறித்து வைக்கவில்லை. கடைசி மூன்று எண்கள் நானூற்றுச் சொச்சம் என்று ஒரு ஞாபகம். இப்போது அறுநூறைத் தாண்டியிருந்தது. என் ஞாபகம்தான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோலை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து உதைத்தேன். பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு தாதா லுங்கியோடு, கையில் டீயோடு வெளியே வந்தார். நான் கிளட்சை அழுத்திப் பிடித்து முதல் கியரை மிதித்தேன். வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து சுவரில் முட்டி அணைந்துபோனது. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி விட வேண்டும். என் வண்டியில் அந்தப் பிடி விடவே இல்லை.

"என்ன மொஷாய், வண்டிக்கு உங்களை விட அவசரம்?" என்று தாதா சிரித்தார். அவர் பேசியது வங்காளத்தில். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். மொஷாய் என்றால் ஐயா.

"கிளட்ச் விடலை தாதா."

"ரொம்ப நாள் சும்மா நின்னுதில்ல, அதனாலயா இருக்கும்."

நான் கேட்கவே இல்லை. இவர் எதற்கு முந்திக்கொண்டு காரணம் சொல்கிறார்? வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்கிற மனிதருக்குக் கிளட்சைப் பற்றி என்ன தெரியும்? கற்றுக்குட்டி எவனாவது பாதி கிளட்சிலேயே ஓட்டினால் உள்ளே இருக்கும் தட்டுகள் கருகிவிடும். அப்படிக் கருக்கித்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ, வந்த நாளிலிருந்து செய்வதுபோல், வங்காளப் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே தாதாவின் மனைவி பௌதியிடம் போகக் கிளம்பினாய். "இனிமே கீழ போக வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டாய். "வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். நீ படியிலேயே உட்கார்ந்து தனியாக எழுத்துக் கூட்டிப் படித்தாய்.

உங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, எனக்கு அம்மை போட்டிருந்தப்ப இவளைப் பதினைஞ்சு நாள் வச்சுப் பாத்தவங்க அவங்க."

"நான் அவரை ஒண்ணும் சொல்லலையே."

"வாயால சொல்லலை. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடு. ஒரு வண்டிக்காக அதைத் தொலைச்சிடாதீங்க."

அடுத்த வாரம் முழுக்க ஆபீஸிலிருந்து வந்ததும் வண்டியோடு மல்லுக்கட்டினேன். எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளினேன். சைக்கிள் டியூபால் கிளட்ச் பிடியை ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அசையாத ஒவ்வொரு நாளும் என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. பௌதி படியருகே வந்து "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கும் மழுப்பினேன்.

மறு ஞாயிறு வண்டியை டாக்குரியா பாலத்தடியில் மெக்கானிக் கடை வைத்திருந்த மிஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். பிரித்துக் கருகிய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தாதாவிடம் பேச வேண்டும் என்பது என் திட்டம். அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"தனியா எப்படித் தள்ளுவீங்க? நான் பின்னால பிடிக்கிறேன்."

மிஸ்திரியின் வாயை அடைக்கத்தான் வருகிறார் என்று எனக்குப் பட்டது. போனதும் இருவரும் வேகமான வங்காளத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

மிஸ்திரி ஆயிலை வடித்து, பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்தார். தட்டுகள் ஒவ்வொன்றாக வர வேண்டும். ஈரத்தில் ஒட்டிப்போன அப்பளக் கட்டு மாதிரி மொத்தமும் ஒன்றாகக் கையில் வந்தது. மெல்லிய கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். டப் டப்பென்று பிரிந்தன. நான் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?" என்றார் மிஸ்திரி.

"கருகியிருக்கான்னு."

"எங்க கருகும்? கருகினா நாத்தம் வரும், இரும்பு நீலமாப் போயிருக்கும். கார்க் பாருங்க, புதுசு மாதிரி. இது ஓடவே இல்லை சார். மாசம் ஒரு தடவை ஓட்டியிருந்தாகூட இப்படி ஒட்டாது. பழைய ஆயில் பிசினா உறைஞ்சிருக்கு." பிறகு தாதா பக்கம் திரும்பி, "சாவி உங்ககிட்டதானே இருந்தது? அப்பப்ப ஒரு உதை உதைச்சு விட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

தாதா தயங்கினார். "இவர்தான் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்னு சொன்னார். யாரையும் தொட விடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். அதனால நானும் தொடலை. விஸ்வகர்மா பூஜைக்கு மட்டும் துடைச்சு, காத்தடிச்சு, பூ வச்சேன். வீட்டுல ஒரு இயந்திரம் இருக்கு, அன்னிக்கு அதைப் பட்டினி போடலாமா?"

சொன்னது வாஸ்தவம். மீட்டர் எண்ணும் என் ஞாபகப் பிசகுதான். ஸ்டார்ட் செய்யச் சொன்னால் அப்படியே ஓட்டிப் பழகிவிடுவாரோ என்று பயந்துதான் நான் அன்று அப்படிச் சொன்னேன். கிளட்ச் ஒட்டிக்கொள்ள நானே வழி செய்துவிட்டு, அந்தப் பழியை அவர் தலையில் ஏற்றியிருந்தேன்.

மிஸ்திரி தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, இரும்புத் தட்டுகளை உப்புத்தாளில் தேய்த்து, கார்க் தட்டுகளைப் புது ஆயிலில் ஊற வைத்து மாட்டினார். கியர் போட்டேன். வண்டி அப்படியே அமைதியாக நின்றது. பின்னால் உட்காரச் சொன்னேன். தாதா மாட்டேன் என்று நடக்க ஆரம்பித்தார். நானும் எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் பக்கத்தில் நடந்தேன்.

"தாதா, நீங்க ஓட்டிக் கெடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"வந்த அன்னிக்கே மீட்டரைக் கும்பிடுற மாதிரி குனிஞ்சு நின்னீங்களே. அப்புறம் பொண்ணு வரலை." பின்னால் ஒரு கை கொடுத்து வண்டியைத் தள்ளினார். "என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். குழந்தையை ஏன் நிறுத்தினீங்க? என் வீட்டுக்காரி தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா."

தப்புதான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கீழே போகச் சொன்னேன். புத்தகம்கூட எடுக்காமல் ஓடினாய்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பழையபடிதான் பேசினார், கேலி செய்தார். மூன்று வருஷம் கழித்து எனக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. வண்டிச் சாவியையும் வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். "மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க தாதா, ஓட்டணும்னாலும் ஓட்டுங்க" என்றேன்.

அவர் வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"பரீட்சை முடியற வரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம். வண்டிச் சாவி மட்டும் வேண்டாம் மொஷாய். பொண்ணு வராத அந்த எட்டு நாள் இன்னொரு தடவை எங்களால ஆகாது."

நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டு, உன்னை அவர்களிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினோம்.