நயினார் கொல்லையில் ஒரு காளான்

எண்பத்தாறு, ஐப்பசி. காலை ஐந்தரைக்குச் சென்னையில் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் அறுபது பைசாவுக்கு வெந்நீர் மாதிரி ஒரு டீ, செஞ்சி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரக் காத்திருப்பு. வல்லத்தில் இறங்கும்போது மணி பத்தேகால், முதுகு ஒடிந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு மூன்று மைல் சேற்று நடை. எல்லாம் கட்டைவிரல் நகமளவு காளான் ஒன்றுக்காக!

காளான் தொப்பிக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இதழ்கள் உண்டு. அவற்றிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம்தான் அடையாளம். வெள்ளையென்றால் சாதாரணம். ரோஜா நிறமென்றால் நான் நான்கு மழைக்காலமாகத் தேடும் அரிய இனம். மூன்று முறை அதுபோல ஒன்று கிடைத்தது. மூன்று முறையும் பறித்துக்கொண்டு போகையில், தூள் உதிர்வதற்குள் பஸ்ஸிலேயே சுருண்டுவிட்டது. இந்த வருஷமும் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் என் பேராசிரியர்.

கொல்லைக்காரர் தரணேந்திர நயினார், சமணர், என் மாணவியின் மாமா. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையின் வரப்பில் அவர் காட்டிய இடத்தில் ஒன்றே ஒன்று நின்றது. கத்தியை எடுத்தேன்.

"புடுங்காதீங்கம்மா."

"பின்னே எதுக்குங்க கடுதாசி போட்டீங்க?"

"வந்து பாருங்கன்னுதான எழுதனேன். வயித்துக்குப் பயிர் அறுக்கறோம், அது வேற. பேரு வெக்கறதுக்கு ஒரு உசுர எடுப்பானேன்?"

எரிச்சலில் கண் கலங்கிவிட்டது. சண்டை போடவும் தெம்பில்லை. நோட்டுத் தாளை நடுப்பகுதி வரை கிழித்து, காம்பைச் சுற்றிச் செருகி, தொப்பிக்கு அடியில் இரண்டு கல்லின்மேல் நிறுத்தினேன். நின்றபடியே உதிர்த்தால் உதிர்க்கட்டும். எப்படியும் ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

மூன்று மணிக்குத் தூறல். ஒரு சொட்டு பட்டாலும் தூள் கரைந்துவிடும். குடை பிடித்து உட்கார்ந்தேன், சற்று நேரத்தில் கண் சொக்கியது.

"குடுங்க, நான் புடிக்கறேன். செத்த சாஞ்சிக்கோங்க" என்று நயினார் வாங்கிக்கொண்டார். வேப்பமரத்தில் சாய்ந்ததுதான் தெரியும்.

விழித்தபோது ஆறேகால். நயினார் அதே இடத்தில், அதே குடையோடு குந்தியிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வாட்டி சாப்பிடக் கூப்ட்டேன், அசையல. வெளிச்சம் பூடுச்சி. இனிமே நாளைக்குக் காலையிலதான்!"

பொழுது சாய்ந்தபின் சமணர்கள் உண்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, என்னை எழுப்பியிருக்கலாமேங்க!"

"நல்லா அசந்து தூங்கிக்கினு இருந்தீங்க. அத்த வுடுங்க. ஜல்தியா டார்ச் அடிச்சிப் பாருங்க, என்னா கலரு?"

தாளை உருவினேன். ரோஜா நிறம்! ஒவ்வொரு இதழும் கோடு கோடாகப் பதிந்திருந்தது. காளான் காம்பு வாடி, தானாகவே சாய்ந்து விழுந்தது. அதை நயினாரே இலையில் ஏந்தி, "இப்ப எடுத்துக்கினு போங்க" என்று நீட்டினார். நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

எட்டரைக்குத் திண்டிவனம். பசி தாங்காமல் பஸ் நிலையத்தில் நாலு இட்லி வாங்கினேன். இரண்டாவதில் அவர் நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாலையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.